கம்பியில்லாத் தொடர்பிற் புற அன்ரெனாவின் பணி

1980ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகள் பலவற்றின் அருகே, கூரையினும் மிக உயர்ந்த இரும்புக் குழாய்கள் நின்றன. அவற்றின் உச்சியில் அலுமினியக் கோல்கள் நிரையாகப் பூட்டப்பட்டிருந்தன. பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த தொலைக்காட்சி அலைகளைப் பற்றுதற்கு அமைந்தவை அவை. படம் மங்கியபொழுது ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருக, மற்றொருவர் வீட்டினுள் திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அலை வருந் திசையும், கொம்பின் உயரமும், இறங்கி வருங் கம்பியின் நீளமும் படத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லன என்பதை அவ்விருவரும் நூலிற் கற்றாரல்லர், கையால் அறிந்தனர்.

அதே பௌதிகம் இன்று கணினியின் கம்பியில்லா அட்டையிலே, அளவாற் சிறுத்து, மீண்டும் வந்து நிற்கின்றது. அடுத்த அறையிலிருந்து வரும் வைஃபைச் சைகை மெலிந்துவிட்டால், “வெளியே ஓர் அன்ரெனாவைப் பூட்டுக” என்று சொல்வார் பலர். கடைகளிலும் நீண்ட கொம்புகள் விற்பனைக்குண்டு. அவற்றைப் பூட்டியவுடன் சைகை வலுத்துவிடும் என்பது பொதுமக்கள் எண்ணம். வலுக்கவுங் கூடும், முன்னிருந்ததிலும் மெலியவுங் கூடும். இவ்விரண்டில் எது நிகழும் என்பது, அன்ரெனா எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதை அறிந்தாலன்றி விளங்காது.

முதலில் அட்டையை நோக்குவோர்க்கு அதன் எளிமை வியப்பைத் தரும். 802.11 என்னும் எண்ணாற் குறிக்கப்படும் கம்பியில்லா நியமம் 1997இல் வெளியாயிற்று. நொடிக்கு 11 மெகாபிற்று வேகந் தரும் அதன் விரிவு 1999இல் வந்தது. அதனைத் தொடர்ந்து மடிக்கணினியின் பக்கத்துப் பொந்திற் செருகும் அட்டைகள் உலகெங்கும் பரவின. 2000ஆம் ஆண்டை அடுத்துப் பெயர்பெற்ற ஓரினோகோ அட்டை செலுத்திய வலு ஏறத்தாழ 32 மில்லிவாற்று மட்டுமே. சிறு கைவிளக்கின் குமிழொன்று எரிவதற்கும் அது போதாது. இவ்வட்டைகள் பயன்படுத்தும் மீடிறன் 2.4 கிகாஹேர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறக்குறைய 12.3 சதமமீற்றர். நன்கு பரிவுறும் அன்ரெனா அலைநீளத்தின் பாதியாகவோ காற்பங்காகவோ இருத்தல் வேண்டும் என்பது ஹேர்ட்ஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1880களின் இறுதியிற் காள்ஸ்ரூ நகரில் மின்காந்த அலைகளைச் செய்துகாட்டிய காலந்தொட்டே அறியப்பட்ட செய்தி. ஆகவே இங்கு மூன்று சதமமீற்றர் நீளமுள்ள செம்புக்கீற்றே அன்ரெனாவாதற்குப் போதும். அட்டையின் வெளிநீண்ட பிளாஸ்ரிக்கு நுனிக்குள் அதனை ஒளித்துவைத்தனர்.

குறை அக்கீற்றின் பருமனில் இல்லை. அது இருக்கும் இடத்தில் உள்ளது. ஒரு பக்கம் கணினியின் உலோகத் தட்டு, மறுபக்கம் பயன்படுத்துவோர் கை, கீழே மேசை. மேசையின் கீழ் நிற்கும் பெட்டிக் கணினியாயின் நிலை இன்னும் மோசம். அதன் அட்டை பின்புறத்தில், சுவருக்கும் இரும்புப் பெட்டிக்கும் இடையே அகப்பட்டுக் கிடக்கும். உலோகம் அலையைத் தெறிக்கச் செய்யும். ஈரமுள்ள உடல் உறிஞ்சும். இத்தகைய இடத்திலிருந்து அன்ரெனாவை ஒரு மீற்றர் நீளக் கம்பியால் மேசைமேற் கொணர்ந்து வைத்தாலே சைகை பல தெசிபெல் உயர்வதுண்டு. அவ்வாறு உயர்ந்ததைக் கண்டவர் புதிய கொம்பின் பெருமையென எண்ணுவர். பெரும்பாலும் அது இடம் மாறியதன் பெருமையே.

இன்னொரு நுட்பமும் ஈண்டு நோக்கற்பாலது. நிலைக்குத்தாக நிற்கும் கொம்பிலிருந்து புறப்படும் அலையின் மின்புலமும் நிலைக்குத்தாகவே அதிரும். இதனை முனைவாக்கம் என்பர். அதனை வாங்கும் கீற்று கிடையாகக் கிடந்தால், திறந்த வெளியில் 20 தெசிபெல் வரை, அதாவது நூற்றிலொரு பங்காகச் சைகை தேய்ந்துவிடும். வீட்டினுள் அலை சுவர்களிற் பலமுறை தெறித்துத் திரும்பி முறுக்கப்படுவதால் இழப்பு அவ்வளவு கொடிதன்று. ஆனால் அத்தெறிப்புக்கள் வேறொரு தொல்லையைத் தருகின்றன. நேரே வந்த அலையும் தெறித்து வந்த அலையும் ஓரிடத்திலே ஒன்றையொன்று அழிக்கும்; சில சதமமீற்றர் தள்ளிய இடத்தில் ஒன்றையொன்று வளர்க்கும். ஓரினோகோ அட்டைக்குள் ஒன்றல்ல, இரண்டு கீற்றுக்களை வைத்து, நன்கு கேட்பதைத் தெரிந்தெடுக்கும்படி செய்ததன் காரணம் இதுவே.

தெசிபெல் என்னுஞ் சொல் இருமுறை வந்துவிட்டது. அதனை விளக்காது மேற்செல்லல் முறையன்று. வலுவின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பெருக்கலாற் கூறாது கூட்டலாற் கூறும் வழியே தெசிபெல். 3 தெசிபெல் கூடினால் வலு இருமடங்கு. 10 கூடினாற் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஒரு மில்லிவாற்றைப் பூச்சியமாக வைத்துக்கொண்டால் 32 மில்லிவாற்று 15 தெசிபெல் ஆகும். வாங்கும் அட்டைக்கு வந்து சேரும் வலுவோ மிக மிகச் சிறியது. ஓரினோகோ அட்டை 11 மெகாபிற்று வேகத்துக்குப் பூச்சியத்துக்குக் கீழ் 82 தெசிபெல்லும், 1 மெகாபிற்று வேகத்துக்குப் பூச்சியத்துக்குக் கீழ் 94 தெசிபெல்லும் இருந்தாற் போதும் என்று ஏற்றுக்கொள்ளும். இவ்வெண்கள் பின்னர் வேண்டப்படும்.

இனி அன்ரெனாவின் ‘நயம்’ என்பது யாது? விளம்பரங்களில் “8 தெசிபெல்”, “15 தெசிபெல்” என்று அச்சிடப்படுவது இதுவே. பலர் இதனை விரியலாக்கியின் பெருக்கம் போன்றதென மயங்குவர். அன்ரெனா ஓர் உலோகத்துண்டு. அதற்கு மின்கலமும் இல்லை, சத்தியைப் படைக்கும் ஆற்றலும் இல்லை. 32 மில்லிவாற்று உள்ளே சென்றால் 32 மில்லிவாற்றிலுங் கூடியது வெளியே வருதல் இயலாது. வெளிச்சவீட்டின் விளக்கை எண்ணுக. அதன் சுடரைத் திறந்த வெளியில் வைத்தால் எல்லாத் திசையிலும் மங்கலாகப் பரவும். வில்லைக்குப் பின்னே வைத்தாற் கடலிற் பல மைல் தொலைவிலுள்ள மாலுமிக்குத் தெரியும். வில்லை எண்ணெயை வார்க்கவில்லை. வேண்டாத திசைகளிற் போகும் ஒளியை எடுத்து வேண்டிய திசைக்குக் கொடுத்தது, அவ்வளவே. எத்திசையும் சமமாகப் பரப்புவதாகக் கற்பனை செய்யப்படும் ஓர் அன்ரெனாவோடு ஒப்பிட்டு, ஒரு திசையில் எத்தனை மடங்கு செறிந்தது என்று கூறும் எண்ணே நயம். எளிய அரையலைக் கோலுக்குக்கூட அது 2.15 தெசிபெல், ஏனெனில் கோலின் இரு நுனிகள் நோக்குந் திசைகளில் அது ஒன்றும் பரப்புவதில்லை.

ஆகவே நயமென்பது எப்பொழுதும் ஓர் இழப்பின் மறுபக்கம். சுற்றெங்கும் பரப்பும் நீண்ட நிலைக்குத்துக் கொம்பு 8 தெசிபெல் நயம் பெற்றதாயின், அது மேலும் கீழும் போகும் அலையைக் குறைத்து அடிவானத்தை நோக்கித் தட்டையாக்கியதாலேயே அந்நயம் வந்தது. அதன் அலைத்தட்டு மேலிருந்து கீழாக ஏறத்தாழ 15 பாகை அளவே விரியும். அதனைக் கீழ்மாடியில் வைத்து, நேர் மேலே உள்ள மேல்மாடியில் இணைப்பைத் தேடுவோர் பழைய சிறு கொம்பே நன்றென்பர். அவர்கள் கூறுவது மெய்யே.

திசையைக் குறுக்கும் அன்ரெனாக்களுட் புகழ்பெற்றது யாகி. ஜப்பானின் செண்டை நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஊடா என்பவரும் யாகி என்பவரும் 1926இல் அதனை வெளியிட்டனர். நீண்ட தண்டொன்றில் அரையலைக் கோல்கள் குறுக்கே நிரைப்படும். ஒன்றே கம்பியோடு இணையும். ஏனையவை அலையை முன்னே வழிநடத்தியும் பின்னே தடுத்தும் உதவும். யாழ்ப்பாணத்துக் குழாய்களின் உச்சியில் நின்றவையும் இவ்வினத்தனவே. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றிய பின், பிரித்தானியரின் ராடார்க் குறிப்பேட்டில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு பொருள் தெரியாது மயங்கினர் என்றும், அது தம் நாட்டவர் பெயரே எனக் கைதியொருவர் சொல்லியே அறிந்தனர் என்றும் ஒரு வரலாறுண்டு. பிறந்த வீட்டில் மதிக்கப்படாத கண்டுபிடிப்புக்களுட் சேர்த்து எண்ணத்தக்கது அது.

நயத்துக்கு உள்ள ஒரு பெருஞ் சிறப்பு, அது இருவழிப்பட்டதாதல். ஒரு திசையை நோக்கி நன்கு பேசும் அன்ரெனா அத்திசையிலிருந்து நன்கு கேட்கவுஞ் செய்யும். செலுத்தும் வலுவை விரியலாக்கியாற் பெருக்குவோன் உரத்துக் கத்துகிறான். எதிரிலிருப்பவன் மெல்லிய குரலிற் கூறும் மறுமொழி அவன் காதிற் பழையபடியே விழும். கம்பியில்லா வலையிலோ ஒவ்வொரு பொதிக்கும் “பெற்றேன்” என்ற மறுமொழி வந்தாக வேண்டும். வராவிடின் பொதி மீண்டும் அனுப்பப்படும். அதனால் ஒருவழி உரப்புப் பயனில் குறைந்தது. மேலும், திசைகொண்ட அன்ரெனா பிற திசைகளின் இரைச்சலை விலக்கும். அயல்வீட்டு வலைகளும் நுண்ணலை அடுப்புக்களும் இம்மீடிறனிலேயே இரைகின்றன. சைகை கூடாமலிருந்தும் இரைச்சல் குறைந்தால் இணைப்புத் திருந்தும். கணினித் திரையின் மூலையிற் காட்டப்படும் கோடுகள் இதனைச் சொல்லமாட்டா. (நீரின் பரிவு மீடிறன் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்பதனாற்றான் நுண்ணலை அடுப்பு அதனைப் பயன்படுத்துகிறது என்று பாடசாலைகளிலும் சொல்லப்படுவதுண்டு. அது பிழை. நீர் மிகுதியாக உறிஞ்சும் மீடிறன்கள் இதனினும் பலமடங்கு உயர்ந்தவை. ஆயினும் மழையில் நனைந்த இலைகள் இவ்வலையைத் தேய்க்கும் என்பது மெய்.)

இத்துணையும் அன்ரெனாவின் புகழ். அப்புகழை ஓசையின்றிக் கொள்ளைகொள்வது அதன் வடம். வாங்குவோர் அன்ரெனாவின் நயத்தைக் கேட்பர். வடத்தின் இழப்பைக் கேளார். ஐந்து மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண ஓரச்சு வடம் இம்மீடிறனில் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தெசிபெல்லை உறிஞ்சிவிடும். அட்டையோடு இணையும் மயிரிழை போன்ற மெல்லிய வடம் அதிலும் இருமடங்கு உண்ணும். கூரைமேல் 8 தெசிபெல் அன்ரெனாவை நிறுத்திப் பத்து மீற்றர் வடத்தால் அறைக்குள் இறக்கினவன், எட்டைப் பெற்றுப் பத்தை இழக்கிறான். பணமுஞ் செலவு, ஏணி ஏறிய பாடும் மிச்சம், சைகையோ முன்னிலுங் குறைவு. தொலைக்காட்சிக் காலத்து அநுபவத்தை அப்படியே இங்குக் கொணர்ந்தோர் ஏமாறுமிடம் இதுவே. தொலைக்காட்சி அலையின் மீடிறன் மிகக் குறைந்ததாதலின் அதே வடத்தில் அதன் தேய்வுஞ் சிறிதாயிருந்தது. ஒரு சதமமீற்றர் தடித்த உயர்தர வடமாயின் பத்து மீற்றருக்கு இழப்பு இரண்டு தெசிபெல்லுக்குச் சற்று மேல். அதனினுஞ் சிறந்த வழி அலையைக் கீழே கொணராது அட்டையையே மேலே கொண்டு போதல். யூ.எஸ்.பி. கம்பியின் நுனியிற் செருகும் சிறு அட்டையை ஐந்து மீற்றர் தொலைவு வரை எடுத்துச் செல்லலாம். அக்கம்பியில் ஓடுவது இலக்கம். அதற்குத் தெசிபெல் இழப்பென ஒன்றில்லை.

செலவைச் சுருக்க விரும்பியோர் தகரப் பேணியை நாடினர். 2001இல் றொப் பிளிக்கெங்கர் என்னும் அமெரிக்கர், பிரிங்கிள்ஸ் உருளைக்கிழங்குச் சீவல் வரும் குழலுக்குள் கோலொன்றில் உலோக வளையங்களைக் கோத்து அன்ரெனா செய்யும் முறையை வெளியிட, அது உலகெங்கும் பேசப்பட்டது. பின்வந்தோர் வளையங்களையும் விட்டு, வெறும் பேணியையே அலைவழியாக்கினர். இதிற் கணக்குப் பிழைத்தால் யாவும் பிழைக்கும். வட்டக் குழலின் விட்டத்தை 1.706 ஆற் பெருக்க வரும் நீளத்திலும் நீண்ட அலை அக்குழலிற் புகாது. எனவே 12.3 சதமமீற்றர் அலைக்கு விட்டம் 7.2 சதமமீற்றரிலும் நன்கு கூடியிருத்தல் வேண்டும். விட்டம் ஏறத்தாழ 9.4 சதமமீற்றரைக் கடந்தாலோ வேறு வகை அதிர்வும் புகுந்து குழப்பும். பிரிங்கிள்ஸ் குழல் கீழெல்லையை ஒட்டியது; ஆதலின் வெறும் அலைவழியாக அது சிறக்கவில்லை. ஒன்பது சதமமீற்றர் விட்டமுள்ள பேணி நன்று. அதனுள் அலை நீண்டு 20.6 சதமமீற்றர் ஆகும். அதன் காற்பங்காகிய 5.1 சதமமீற்றரை மூடிய அடியிலிருந்து அளந்து துளையிட்டு, 3.1 சதமமீற்றர் செம்புக்கம்பியை உள்ளே நிறுத்தினால் அன்ரெனா ஆயிற்று. அத்தகைய பேணி 7 முதல் 10 தெசிபெல் வரை நயந் தரும்.

இவையெல்லாம் வீட்டளவிலான செய்திகள். அன்ரெனாவின் உண்மையான ஆற்றல் தொலைவிலேதான் வெளிப்படும். எட்டுக் கிலோமீற்றர் இடைவெளியை எடுத்துக்கொள்க. தடையற்ற வெளியில் இவ்வலை முதல் மீற்றரிலேயே 40 தெசிபெல் தேய்கிறது. பின்னர் தூரம் இரட்டிக்குந்தோறும் 6 தெசிபெல். எட்டுக் கிலோமீற்றரில் மொத்தத் தேய்வு 118. ஓரினோகோ அட்டையின் 15 தெசிபெல்லோடு எதிர்க்கரையில் 2 தெசிபெல் கொம்பொன்றைக் கூட்டினாலும், வந்து சேர்வது பூச்சியத்துக்குக் கீழ் 101. அட்டை கேட்கக்கூடிய மிகத் தாழ்ந்த அளவு 94 என்று முன்னர்க் கண்டதால், அங்கே மௌனமே. இனி இரு கரையிலும் 24 தெசிபெல் நயமுள்ள பரவளைவுக் கம்பிவலைத் தட்டுக்களை நிறுத்தி, வடத்துக்கென இருபுறமும் இரண்டிரண்டு கழித்தால், கீழ் 59 ஆகின்றது. மௌனம் பேச்சாயிற்று, 11 மெகாபிற்றுக்கு வேண்டியதிலும் இருநூறு மடங்கு வலு மிஞ்சியது. அட்டையோ அதே 32 மில்லிவாற்று அட்டை.

இக்கணக்குத் தாளில் நில்லாது மக்கள் கண்ணுக்கு உதவிய இடம் தமிழ்நாட்டின் தேனி. 1976இல் மருத்துவர் கோ. வேங்கடசாமி மதுரையிலே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு மருத்துவமனை உண்டு. சுற்றுக் கிராமத்து ஏழைகளிற் பலர், பேருந்துச் செலவுக்கும் ஒருநாட் கூலியிழப்புக்கும் அஞ்சி, பார்வை மங்கியும் மருத்துவரிடஞ் செல்லாதிருந்தனர். கிராமங்களிற் சிறு பார்வை நிலையங்களை அமைத்து, பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தேனியிலுள்ள மருத்துவர் திரையிலே நோயாளியைக் கண்டு உரையாடுவது திட்டம். அதற்கு இருவழியும் தடையின்றி ஓடும் இணைப்பு வேண்டும். கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தார் மலிவான வைஃபை அட்டைகளைச் சிறு கணினிப் பலகைகளிற் செருகி, உயர்ந்த கம்பங்களில் திசையன்ரெனாக்களை ஏற்றி அதனை அமைத்தனர். 2006இல் ஐந்து நிலையங்கள் தேனியோடு இவ்வாறு பேசின. இணைப்புக்களின் நீளம் ஒன்று முதல் பதினைந்து கிலோமீற்றர் வரை. சத்திரசிகிச்சை வேண்டியோர் மட்டுமே பயணஞ் செய்தனர். ஏனையோர் தம் ஊரிலேயே கண்ணாடியும் மருந்தும் பெற்றனர்.

கம்பத்தின் உயரம் வீண்செலவன்று. இரு அன்ரெனாக்களும் ஒன்றையொன்று காண்பது மட்டும் போதாது. அலை செல்லும் வழி நடுவிற் பருத்த ஒரு கதிர்போல விரிந்திருக்கும். எட்டுக் கிலோமீற்றருக்கு அதன் நடு ஆரை 16 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதிற் பத்தில் ஆறு பங்கேனும் தென்னை முடியும் கூரையும் தீண்டாது விடப்படல் வேண்டும்.

அங்கே அன்ரெனாவால் தீராத குறையொன்றும் வெளிப்பட்டது. அலை எட்டுக் கிலோமீற்றர் சென்று திரும்ப 53 மைக்கிரோ நொடி ஆகும். நூறு மீற்றர் தொலைவுக்கென ஆக்கப்பட்ட அட்டையோ “பெற்றேன்” என்ற மறுமொழிக்கு அவ்வளவு காத்திருக்கக் கற்றதன்று. வந்துகொண்டிருக்கும் மறுமொழியை வராததாகக் கருதி மறுபடி அனுப்பும். சைகை வலிதாயிருந்தும் வேகம் வீழ்ந்தது இதனால். பேர்க்கிலியார் காத்திருக்கும் முறையை மாற்றி, ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி நேரத்துண்டு வகுத்து மென்பொருளைத் திருத்தி, 2007இல் அதன் விவரத்தை வெளியிட்டனர். அதே ஆண்டில் வெனிசுவேலாவில் எர்மானோ பியேற்றோசெமோலி என்பாரும் அவர் குழுவினரும் அந்தீசு மலையின் எல் அகிலா முகட்டுக்கும் பிளற்றியோன் குன்றுக்கும் இடையே 382 கிலோமீற்றர் வைஃபை இணைப்பை ஏற்படுத்தினர். அவ்வளவு தொலைவிற் பூமியின் வளைவே நடுவில் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் எழுந்து நிற்கும்; மலையுச்சியன்றி வேறிடம் அதற்கு உதவாது. அவர்களும் காத்திருக்கும் நேரத்தை நீட்டியே வென்றனர்.

சட்டமும் இங்கே ஒரு வரம்பு இடுகின்றது. ஐரோப்பிய நாடுகளில் இம்மீடிறனுக்கு விதித்த 100 மில்லிவாற்று எல்லை அட்டையின் வலுவை மட்டுமன்று, அன்ரெனாவின் நயத்தையும் பெருக்கியே அளக்கப்படும். பெரிய கொம்பைப் பூட்டுவோர் அட்டையின் வலுவைத் தணித்தாக வேண்டும். 2009இல் வந்த நியமத்துக்குப் பிற்பட்ட அட்டைகளோ இரண்டு மூன்று அன்ரெனாக்களை ஒருங்கே கொண்டு, தெறித்து வரும் அலைகளையே தனித்தனி வழிகளாக்கி வேகத்தைப் பெருக்குகின்றன. அவற்றிலொன்றைக் கழற்றி ஒரே பெருங்கொம்பை மாட்டினால் வீட்டினுள் வேகங் குறைவதே இயல்பு. இன்றைய மடிக்கணினியில் அவை திரையின் மேல்விளிம்பிலே, கைக்கும் மேசைக்கும் எட்டாத உயரத்திற் பதிக்கப்படுகின்றன. பழைய அட்டையின் இடக்குறை அவ்வளவில் நீங்கியது.

தேனியின் இணைப்புக்களைச் சில ஆண்டுகள் கவனித்தவர்கள் 2008இல் தம் அநுபவத்தையும் எழுதினர். பழுதுகளுக்குப் பெருங்காரணம் சைகையின் மெலிவன்று; ஊரின் மின்வழங்கலே. மின்னழுத்தம் திடீரென எழுந்தும் விழுந்தும் கணினிப் பலகைகளையும் மின்வழங்கிகளையும் கெடுத்தது. இணைப்பு அறுந்தவுடன் கிராமத்துப் பணியாளருக்கு எது பழுதென அறியும் வழியில்லை. கம்பத்தின் உச்சியில் அன்ரெனா தேனியை நோக்கியபடியே நின்றது. கீழே பெட்டிக்குள் விளக்கு அணைந்திருந்தது. பின்னர் மின்கலங்களும் அழுத்தத்தைச் சீராக்கும் கருவிகளும் பலகைக்கும் சுவருக்கும் இடையே வைக்கப்பட்டன.